குறி தப்பாத துப்பாக்கி

இருபது வருஷமாகத் துப்பாக்கி சுடும் கூடத்தில் பயிற்சி கொடுக்கும் மாஸ்டருக்கு வெடிச் சத்தத்தில் பயம் விட்டுப்போய் ரொம்ப நாளாயிற்று. அன்று காலை அவர் மறுபடி பயந்தது மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு தையல்காரம்மாவைப் பார்த்துத்தான்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தார். படிவத்தில் ‘வருகையின் நோக்கம்’ என்ற இடத்தில் மணிமணியான கையெழுத்தில் ‘குடும்ப நலன்’ என்று எழுதியிருந்தார்.

“விக்கிறதுக்கு வச்சிருக்கீங்களே, அந்த மூணு கைத்துப்பாக்கியையும் சுட்டுப் பார்க்கணும் மாஸ்டர். எது குறி தப்பாது, எது பாதியில மக்கர் பண்ணும்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“தாராளமா. குறி அட்டையை எத்தனை அடி தள்ளி வைக்கட்டும்? இருபத்தஞ்சு?”

அம்மா கைப்பைக்குள் துழாவி ஒரு நூலை எடுத்து நீட்டினார். “இவ்வளவு தூரம் போதும். பன்னிரண்டடி. எங்க வீட்டுக் கட்டில்லேர்ந்து சமையலறை வாசல் வரைக்கும் அளந்து வெட்டிக்கிட்டு வந்தேன்.”

“கட்டில்... யாரோடதும்மா?”

“எங்க வீட்டுக்காரரோடது. முதுகுவலின்னு தனியா படுத்துக்குவார்.”

மாஸ்டர் மனித உருவம் அச்சடித்த அட்டையைக் கொண்டுபோய் மாட்டினார். அம்மா அதை மேலும் கீழும் பார்த்தார்.

“ரொம்ப ஒல்லியா இருக்கே. கொஞ்சம் பூசினாப்ல இருக்கறது கிடைக்காதா?”

“கிடைக்காதும்மா.”

“சரி போகட்டும். அந்த விளக்கைக் கொஞ்சம் குறைங்க. எங்க வீட்டுல ராத்திரி இவ்வளவு வெளிச்சம் இருக்காது.”

முதலில் ஆறு குண்டு போடும் ரிவால்வர். ஊசியில் நூல் கோக்கிற கை, ஆடவே இல்லை. முப்பது தடவை சுட்டார், முப்பதும் வெடித்தன. இருபத்திரண்டு அட்டையில் பட்டன. இஞ்ச் டேப்பை வைத்து ஓட்டைக்கு ஓட்டை அளந்து, ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அடுத்தது புதுக் கறுப்புப் பிஸ்டல். ஒரே ஒரு தடவை குண்டு சிக்கியது. மற்றதெல்லாம் அட்டையின் நெஞ்சில் பொத்தான் தைத்த மாதிரி வரிசையாக இறங்கியிருந்தன.

“அடேயப்பா! இதுல பட்டா பொழைக்கவே மாட்டாங்க, இல்ல?” என்றார் அம்மா.

மாஸ்டர், “துப்பாக்கி சூடா இருக்கு, ஆறட்டும்” என்று சொல்லி எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அலுவலக அறைக்கு ஓடித் தன் மனைவிக்குப் போன் போட்டார்.

“இங்க ஒரு அம்மா, புருஷனைப் போட்டுத் தள்றதுக்கு ஒத்திகை பார்க்குது! என்ன பண்றது?”

“அந்த ஆள் என்ன பண்ணினானாம்?” என்றாள் மனைவி.

“அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?”

“ஒண்ணும் பண்ணாமலா வேலையை விட்டுட்டு அங்க வந்து நிக்கிறா? பாவம், அவளுக்கு நல்லா சொல்லிக்குடுங்க” என்று வைத்துவிட்டாள்.

மாஸ்டர் யோசித்தார். போலீசைக் கூப்பிடலாம் என்றால், நூலையும் நோட்டையும் காட்டி என்னவென்று புகார் கொடுப்பது? லைசென்ஸ் இருக்காது என்பது ஒன்றுதான் நம்பிக்கை. திரும்பி வந்து அதைக் கேட்டார்.

“அது நேத்தே தபால்ல வந்துடுச்சே” என்றார் அம்மா.

மாஸ்டர் அலமாரியைத் திறக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது, வெள்ளி முலாம் பூசிய பழைய பிஸ்டல். ஆறு வருஷமாக யாரும் சீண்டாதது. மூன்று குண்டுக்கு ஒரு தடவை சிக்கிக்கொண்டது. வெடித்ததில் நான்குதான் அட்டையின் ஓரத்தில் பட்டன. ஒன்று பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரரின் அட்டையில் போய் நடுப்புள்ளியைத் துளைத்தது. அவர் அதைத் தன் சாதனை என்று நினைத்துத் துள்ளிக் குதித்தார்.

மாஸ்டருக்குச் சட்டென்று ஒரு யோசனை. முகம் தெரியாத அந்தப் புருஷனைக் காப்பாற்ற ஒரே வழி இதுதான்.

“அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. இருக்கறதுலயே இதுதான் நம்பர் ஒன். இன்னிக்கு ஏதோ புழுதி அடைச்சிருக்கு. பெரிய பெரிய அதிகாரிங்க எல்லாம் கண்ணை மூடிக்கிட்டு இதைத்தான் வாங்குறாங்க. இதுக்குக் குறின்னா குறி, அப்படி ஒரு குறி!”

வாழ்க்கையிலேயே அவ்வளவு பெரிய பொய்யை அவர் சொன்னதில்லை. காது மடல் சிவந்துவிட்டது.

அம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நோட்டை மூடினார்.

“அப்ப இதையே எடுத்து வச்சுடுங்க.”

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எங்கோ ஒரு வீட்டில் முதுகுவலியோடு படுத்திருக்கும் அந்த மனிதன் இனி நூறு வயது வாழ்வான் என்ற பூரிப்போடு பதிவேட்டைப் பிரித்தார்.

“யார் பேருக்கும்மா எழுதட்டும்?”

“எங்க வீட்டுக்காரர் பேருக்கு. லைசென்ஸ் அவருக்குத்தானே வந்திருக்கு! நாளைக்கு நேர்ல வந்து வாங்கிக்குவார். இப்ப என்கிட்ட அளந்தீங்களே, அதையே ஒரு வார்த்தை குறையாம அவர்கிட்டயும் அளந்துடுங்க மாஸ்டர்.”

மாஸ்டரின் பேனா அந்தரத்தில் நின்றது. “அவருக்கு எதுக்கும்மா துப்பாக்கி?”

“திருடன் பயமாம். ஆனா எங்க வீட்டுல ராத்திரி தண்ணி குடிக்க சமையலறைப் பக்கம் போறது நான் ஒருத்திதான்!”