கள்ளித் தெரு என் கோட்டை

அமெரிக்காவின் எலக்டோரல் காலேஜை ஒழித்துக் கட்டியவன் நான்தான். ஒரே மத்தியானத்தில், ஒற்றை ஆளாக, பல்செட்கூட மாட்டாமல்.

"ஆரம்பிச்சுட்டான்," என்றாள் என் மனைவி மார்வா, காபிக் கோப்பைக்குள்.

எதிரே உட்கார்ந்திருந்த புதுக் குடித்தனக்காரர்கள், மினசோட்டா பனிக்குப் பயந்து ஓடிவந்த புருஷனும் பெண்சாதியும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒழித்தது எங்கள் ட்ரெய்லர் வீட்டுக் குடியிருப்பில்தான். குடியிருப்பு அரிசோனாவில் இருக்கிறது. அரிசோனா அமெரிக்காவில் இருக்கிறது. இதில் எங்கே பொய்?

இந்த இடத்தைத் தொடங்கிய மனிதருக்கு நாட்டுப்பற்று கொஞ்சம் அதிகம். எலக்டோரல் காலேஜ் முறையில் நாட்டுக்கு ஜனாதிபதி எப்படியோ அப்படியே குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர் என்று விதி எழுதிவிட்டார். மாநிலங்களுக்குப் பதில் மூன்று தெரு. ஒரு தெருவில் எவன் முந்துகிறானோ, அந்தத் தெருவே முழுசாக அவனுக்கு. இரண்டு தெரு பிடித்தவன் தலைவன்.

தலைவருக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் குடியிருப்பின் ஒரே மரத்தடியில் வண்டி நிறுத்தலாம்.

எங்கள் வெயிலில் அது ராஜபோகம். ஜூலையில் நான் ஸ்டியரிங்கில் முட்டை பொரித்து, சாப்பிட்டு, ஏப்பம் விட்ட பிறகுதான் வண்டியை எடுப்பேன்.

கள்ளித் தெரு நாய்க்காரர்கள் தெரு, பெரிய தெரு. எங்கள் வீடும் அங்கேதான். அங்கே எனக்கு விழும் ஓட்டை லாரி வைத்துத்தான் அள்ள வேண்டும். மணல் தெரு பூனைக்காரர்களுடையது, அது என்னை எதிர்த்து நிற்கும் டுவேனுக்கு. குளத் தெருவில் நாயும் இல்லை, பூனையும் இல்லை, இரத்தக் கொதிப்பு மட்டும்தான். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்வார்கள்.

ஆகவே தேர்தல் வந்தால் கேக் எல்லாம் குளத் தெருவுக்கே போகும். தின்று தின்று, அங்கே வாசற்கதவுகளையே அகலப்படுத்த வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு தடவையும் மொத்த ஓட்டில் நான்தான் முன்னால். ஒவ்வொரு தடவையும் குளத் தெரு டுவேனின் எலுமிச்சை கேக்கில் வழுக்கி விழும். மரத்தடியில் அவன் வண்டி குளுகுளுவென்று நிற்கும்.

போன வருஷம் பொதுக்கூட்டத்தில் எழுந்தேன். "காலேஜாம் காலேஜ்! பாடம் உண்டா, பரீட்சை உண்டா? ஆளுக்கு ஒரு ஓட்டு. எவனுக்கு அதிகமோ அவன் தலைவன். அவ்வளவுதான்யா!"

கைதட்டலில் மெக்சிகோ எல்லையில் மேய்ந்துகொண்டிருந்த கழுதைகள் மிரண்டு ஓடின.

"ரெண்டு பேர்தான் தட்டினாங்க," என்றாள் மார்வா. "அதுலயும் ஒருத்தர் கொசு அடிச்சார்."

தீர்மானம் நிறைவேறியது. டுவேன்கூடக் கை தூக்கினான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதன்பிறகு நான் உட்காரவே இல்லை. மணல் தெருவில் ஒரு பூனை விடாமல் கொஞ்சினேன். என் சட்டையில் ஒட்டிய ரோமத்தில் கம்பளமே நெய்யலாம். குளத் தெருவில் ஒவ்வொருவரின் இரத்த அழுத்தத்தையும் கண் கலங்க விசாரித்தேன். கள்ளித் தெருவுக்கு மட்டும் போகவில்லை. சொந்தக் கோட்டைக்குள் போய் எவனாவது ஓட்டு கேட்பானா?

ஓட்டு எண்ணும் அன்று கூடத்தில் அப்படி ஓர் அமைதி. காது கேட்காதவர்களுக்குக்கூட அது கேட்டது.

அவனும் நானும் மாறி மாறி முந்தினோம். கடைசிச் சீட்டைப் பிரிக்கும்போது இரண்டு பேரும் சமம். நான் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

டுவேன் பெயர்.

"ஒரே ஒரு ஓட்டுலயா?" மினசோட்டாக்காரர் சிரித்துவிட்டார். "போங்க வெண்டல், அதெல்லாம் எங்கயாவது நடக்குமா?"

கழுதையை நம்பினார். முட்டையை நம்பினார். உண்மையைச் சொன்ன இடத்தில் சிரிக்கிறார்!

"இவளக் கேளுங்க," என்றேன். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் சொன்ன எதையும் இவ நம்பினதே இல்ல."

மார்வா கோப்பையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

"டுவேன் எங்க வாசல்ல வந்து நின்னு, தொப்பியக் கழட்டிட்டு, உங்க ஓட்டு எனக்கு வேணும் மார்வான்னு கேட்டாரு. இவன் ஒரு வார்த்த கேக்கல."

கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கலக்கினாள்.

"ஒரே ஓட்டுதான். நிஜமாவே நடந்துச்சு."