அறுபட்ட அசல்

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றான் துல்லியோ.

"அறுத்துட்டேன்டா!" ஃபவுஸ்தீனோ பட்டறை மேசையைக் காட்டினான். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கிடந்தது ஒரு ரிவால்வர்.

"முதலாளி அறுக்கத்தானே சொன்னாரு? நீ செஞ்ச நகலோட உள்பக்கம் சரியா வந்திருக்கான்னு பாக்கணும்னு?"

"இது நகல் இல்லடா. அசல்!"

அமெரிக்க உள்நாட்டுப் போரில் சுட்ட ரிவால்வர். செய்த தொழிற்சாலையே அந்த ரகத்தை எப்போதோ மறந்துவிட்டது. போரின் நூற்றாண்டு நெருங்கவே, ஊர்தோறும் அதை நடித்துக் காட்டப் போகிறார்கள், புதிதாக ஆயிரம் ரிவால்வர் வேண்டும் என்று விட்லாக் என்ற அமெரிக்கர் தன் கொள்ளுத்தாத்தாவின் ரிவால்வரை மாதிரிக்கு அனுப்பியிருந்தார். இத்தாலியில் துப்பாக்கிப் பட்டறைகளுக்குப் பேர்போன கார்தோனேயை விட்டால் இதற்கு வேறு ஊர் ஏது?

"அசல்னு எப்படிச் சொல்றே?"

"நான் செய்யற எல்லாத்துலயும் கைப்பிடிக் கட்டைக்குள்ள சின்னதா ஒரு சிலுவை கீறுவேன். இதுல இல்ல. மிச்சம் இருக்கறதுல இருக்கு."

அவன் மனைவியின் தம்பியான துல்லியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "செஞ்சவனுக்கே அடையாளம் தெரியல, அவ்வளவு சுத்தமான வேலை! பேசாம அதையே அசல்னு குடுத்துரு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"சொல்ல வேணாம். வாயைத் திறக்காம இரு, போதும். இந்த ஆர்டர் போச்சுன்னா குளிர்காலம் முழுக்க பட்டறையைப் பூட்டிட்டு வெறும் பொலெந்தாக் களியைக் கிண்டிட்டு உக்காரணும்."

வாசலில் கார் வந்து நின்றது. விட்லாக் இறங்கி உள்ளே வந்தார்.

முதலாளி ஆர்க்காஞ்செலோ, மிச்சமிருந்த ரிவால்வரைத் துணியில் ஏந்தி நீட்டினார். ஏனோ அவர் விட்லாக்கின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

விட்லாக் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக வந்தபோது கற்ற இத்தாலிய மொழியில், "எங்க கொள்ளுத்தாத்தாவோட கைச்சூடு இன்னும் இதுல இருக்கு! நேர்மையான மனுஷங்களைத் தேடித்தான் கடல் தாண்டி வந்தேன்" என்றார்.

'நேர்மை' என்ற சொல் ஃபவுஸ்தீனோவைச் சுருக்கென்று குத்தியது. காலையில்தான் பூசையில் நற்கருணை வாங்கியிருந்தான். துல்லியோ அவன் காலை மிதித்தும் வாய் நிற்கவில்லை.

"ஐயா, அது நான் செஞ்சது. உங்க அசலைத் தெரியாம அறுத்துட்டேன். தப்பு என்னுது. என்னை வேலையை விட்டு அனுப்பட்டும், இவங்க ஆர்டரை மட்டும் நிறுத்திராதீங்க."

முதலாளி மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

"ஃபவுஸ்தீனோ, நீ அறுத்தது அசல் இல்லப்பா. நான் செஞ்சது. ஐயா அனுப்பினது வந்த அன்னிக்கு, ஆசைக்கு ஒரு தடவை சுட்டுப் பாத்தேன். வெடிச்சுச் சிதறிப் போச்சு. வெளிய சொல்ல வெக்கப்பட்டு, வீட்டுல உக்காந்து இன்னொண்ணு செஞ்சுதான் உன்கிட்ட மாதிரின்னு குடுத்தேன். ஐயா, என்னை மன்னிச்சிருங்க."

"வெடிச்சுதா! உங்களுக்கு அடி எதுவும் படலையே?" விட்லாக் பதறிப்போய் முதலாளியின் கைகளைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். விரல்கள் எல்லாம் சரியாக இருந்தன. அப்புறம்தான் அவர் முகம் மெல்லச் சிவந்தது.

"நான் அனுப்பினதே எங்க ஊர்க் கொல்லன் அவசரத்துக்கு அடிச்சுக் குடுத்ததுதான். அசலைக் கப்பல்ல அனுப்ப மனசு வரல, வீட்டுல பத்திரமா இருக்கு... தயவுசெஞ்சு என் ஆர்டர் வேணாம்னு மட்டும் சொல்லிராதீங்க!"