மொட்டைவால் பல்லி சொன்ன பலன்

பல்லி கத்தினால் நினைத்தது நடக்கும் என்று அந்த வீட்டு மனிதர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டதிலிருந்து மொட்டைவால் பல்லிக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று நாள் பட்டினிக்குப் பிறகு, டியூப்லைட் பக்கத்தில் கொழுத்த விட்டில் பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. மொட்டைவால் அதன்மேல் வைத்த கண்ணை எடுக்கவேயில்லை.

"இன்னிக்கு இந்த விட்டில் கண்டிப்பா மாட்டும்!" என்று சொல்லி, பலிக்கட்டும் என்று "ச்சு, ச்சு, ச்சு" எனப் பலமாகக் கத்தியது.

விட்டில் பதறிப் பறந்து, எதிர்ச்சுவரில் சத்தமில்லாமல் கிடந்த மச்சான் பல்லியின் மூக்கருகே போய் உட்கார்ந்தது. லபக்!

"கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா, மாப்ளே?" என்றது மச்சான், மென்றபடியே.

மொட்டைவால் விட்டுக்கொடுக்கவில்லை.

"மாட்டும்னு சொன்னேன், மாட்டுச்சா இல்லையா? அடுத்த தடவை யார் வாயிலங்கிறதையும் சேர்த்துச் சொல்லிடணும், அவ்வளவுதான்!"