அசையக் கூடாத அரை நிமிடம்

பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது, வலித்தால் உங்கள் வீட்டுக்காரர் கையை அழுத்துங்கள், அவர் சொன்னதும் நிறுத்திவிடுகிறேன் என்று என் மனைவியிடம் சொன்னார் கண் டாக்டர்.

அசைந்தால் கண் போய்விடும் என்பதை அதற்கு முன்பே இரண்டு முறை சொல்லியிருந்தார்.

இவளோ என்னை வாசலிலேயே மிரட்டி வைத்திருந்தாள். பாதியில் நிறுத்தச் சொன்னால் ஜென்மத்துக்கும் என்னோடு பேச மாட்டாளாம்.

குழந்தைக்காக ஏழு வருடம், நாலு முறை சிகிச்சை, இப்போது ஐந்தாம் மாதம். சிகிச்சையின்போது எப்படியோ ரத்தத்தில் கலந்த பூஞ்சை, வலது கண்ணுக்குள் போய்க் குடியேறிவிட்டது.

மாத்திரை தரலாம் என்றார்கள். அது குழந்தையையும் எட்டும் என்று கேட்ட மாத்திரத்தில் எழுந்து நின்றுவிட்டாள். அப்படியானால் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறேன் என்றார் டாக்டர். சரி என்று உட்கார்ந்தாள். நான் ஒருவன் பக்கத்தில் இருப்பதே அவள் நினைவில் இல்லை.

நான் தையல்காரன். நாள் முழுக்க ஊசியோடுதான் பிழைப்பு. ஆனாலும் அந்த ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊசி இறங்கியது.

அவள் என் கையை அழுத்தினாள்.

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். நிறுத்தினால் இன்னொரு முறை குத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் நான் மனிதனே இல்லை.

மறுபடி அழுத்தினாள், நகம் பதிய. திரும்பிப் பார்த்தேன். பாவிமக, உதடுகூடத் துடிக்கவில்லை.

மூன்றாவது முறை அழுத்தியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்நெஞ்சக்காரா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

முடிந்தது என்று டாக்டர் கண்ணுக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மூன்று முறை வலி தாங்காமல் கூப்பிட்டாய், மரம் மாதிரி நின்றுவிட்டேன் என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வராண்டாவில் இருந்தவர்கள் எனக்குத்தான் ஊசி போட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். பிறகு என் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"வலியா? கண்ணுதான் மரத்துப் போயிருந்துச்சே. உள்ள மூணு தடவ உதைச்சுதுங்க, முதல் முதலா. உங்ககிட்ட அப்பவே சொன்னேன்ல?"