வெளிக்காரணம்

பாளையங்கோட்டையில் எபனேசரின் பேக்கரியில் விற்பனை குறைந்தால் காப்பீட்டுக் கம்பெனி ஈடு கட்டும். ஆனால் காரணம் கடைக்கு வெளியே இருக்க வேண்டும். மழை, கடையடைப்பு, சாலையைத் தோண்டுவது எல்லாம் வெளி. கூரையில் மாட்டியிருந்த கருவி தினமும் மாலையில் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

மனைவியைக் கேட்காமல் எபனேசர் இரண்டாவது அடுப்பு வாங்கிய நாளிலிருந்து அது ஒன்றைத்தான் சொன்னது. "உட்காரணம். முதலாளியும் மனைவியும் பேசிக்கொள்வதில்லை. பப்ஸ் கருகுகிறது."

காப்பீட்டு முகவர் வந்து பார்த்தார். "உங்க வீட்டு அக்கா கடையில பங்குதாரர். அதான் சிக்கல். பேரை எடுத்துட்டு, வீட்டையும் மாத்திட்டாங்கன்னா, அவங்களும் மழை மாதிரிதான் சார்."

மனைவி ஜெபக்கனி கையெழுத்துப் போட்டுவிட்டு எதிர்ச் சந்தில் குடியேறினாள். தினமும் சாயங்காலம் வந்து, வாசலில் நின்று, வாடிக்கையாளர்கள் கலைந்துபோகும் அளவுக்குக் கணவனை ஏசினாள். கருவி அதை வெளிக்காரணம் என்றது. ஈட்டுத்தொகை ஒழுங்காக வந்தது.

ஐப்பசியில் ஒருநாள் அவள் ஏசாமல் நின்றாள்.

"கோவம்லாம் போயிட்டுங்க. உள்ள வரட்டா?"

எபனேசர் கூரையை நிமிர்ந்து பார்த்தான்.

"சத்தமா சொல்லாத, அதுக்குக் கேட்டிரும். வழக்கம்போல கொஞ்சம் ஏசிட்டுப் போ."

ஜெபக்கனி யோசித்துப் பார்த்தாள். ஏசுவதற்கு ஒன்றும் வரவில்லை. ஒரு பப்ஸ் வாங்கி, காசைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை கருவி சொன்னது: "வெளிக்காரணம் எதுவும் இல்லை. புதிய வாடிக்கையாளர் ஒருவர் சேர்ந்திருக்கிறார்."