மீதி நேரம்

போன தடவை எழுதிய இரண்டு சொற்கள்தான் சுகப்பிரியாவைத் தூங்க விடவில்லை.

தேநீர் இடைவேளைக்காகத் தொழிற்சாலைச் சுவரில் மாட்டிய கடிகாரப் பலகை அது. அதை இயக்கும் திரையில் 'நேரம் 1', 'நேரம் 2' என்று எழுதிவைத்திருந்தாள். சூப்பர்வைசர் கைக்கு வந்ததை அமுக்கினார்.

எண்கள் ஏறுமுகமாக ஓடின. எட்டைப் பார்த்த பெண்கள், இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறதென்று வடையைப் பிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

தாமதமாகத் திரும்பியதற்காக லைன் முழுவதற்கும் அரைநாள் சம்பளம் போயிற்று.

யாரும் அவளிடம் வந்து சண்டை போடவில்லை. அதுதான் உள்ளே கிடந்து குடைந்தது.

இப்போது இன்னொரு பலகை. எந்த இயந்திரத்துக்கு என்று மேனேஜர் நம்பிராஜன் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் இருப்பவள், கேட்கவும் இல்லை. அவளை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யும் வாரம் இது.

“இந்த வாட்டியும் குழப்பினேன்னு வெச்சுக்க, அப்புறம் ஒரகடம் பக்கம் பஸ்ஸே ஏற வேணாம்மா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எழுதினாள், அழித்தாள். கடைசியில் 'ஆன நேரம்', 'மீதி நேரம்' என்று இரண்டு நின்றன. அவர் இரண்டாவதைப் போடச் சொன்னார். விநாடியும் தெரிய வேண்டும் என்றார்.

விநாடி பார்த்து ஓடுவதென்றால் பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இருந்தும் பயம் விடவில்லை. தாளில் அச்செடுத்துக்கொண்டு போய் கேன்டீன் வரிசையில் நின்ற தங்கமாரியிடம் நீட்டினாள். அன்று அரைநாள் இழந்தவர்களில் அவளும் ஒருத்தி. தென்காசிப் பக்கத்துப் பெண்.

“இதுல என்னக்கா கொழப்பம்? இன்னும் எம்புட்டு நேரம் கெடக்குன்னு சின்னப்புள்ளைக்கும் வெளங்கும்லா.”

அப்போதுதான் சுகப்பிரியாவுக்கு மூச்சு வந்தது.

பிற்பகல், எலக்ட்ரீஷியன் எல்லப்பன் ஏணியும் பலகையுமாக வந்தார். ஓடுகிறதா என்று பார்க்க அவளும் பின்னால் போனாள்.

வார்ப்பு இயந்திரங்கள் வந்தன. எல்லப்பன் நிற்கவில்லை. சோதனை மேசைகளையும் தாண்டிப் போனார்.

“இன்னா மேடம், உங்களுக்கே சொல்லலியா?”

பெண்கள் கழிவறையின் கதவுக்கு மேலே ஏணியைச் சாய்த்தார்.

பலகை எரிந்தது. மீதி நேரம். லைனின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி, சிவப்பாக, திருத்தமாக. மூன்று நிமிடத்திலிருந்து விநாடிகள் இறங்கத் தொடங்கின.

பக்கத்துக் குடிதண்ணீர்க் குழாயில் தங்கமாரி டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து வாசித்தாள். அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

நிரம்பிய டம்ளரை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டு லைனுக்குத் திரும்பினாள்.