எட்டுக் குதிகால்கள்

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் வலிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. திரையைப் பார்த்துவிட்டு, வலிக்காது என்று டாக்டர்களே சொல்லிவிடுகிறார்கள். லாரியிலிருந்து குதித்ததில் என் குதிகால் நரம்பு அறுந்துபோனது. செத்துப்போன ஒரு தையல்காரனின் நரம்பை வளர்த்து, எட்டுப் பேருக்குத் துண்டு போட்டு வைத்துத் தைத்தார்கள். அதில் நான் ஒருவன்.

பயிற்சிக் கூடத்தில் நாங்கள் உட்கார்ந்தால் எட்டுக் குதிகாலும் ஒன்றாக ஏறி இறங்கும், தையல் மிஷினை மிதிப்பதுபோல. தையல்காரன் மனைவி சூசையம்மாள் தினமும் வந்து எதிரே உட்கார்ந்திருப்பாள்.

இன்று எட்டுக் காலும் சட்டென்று நின்றன.

“நூலு அந்துட்டு,” என்றாள். “கோத்துட்டு மிதிப்பாவ.”

கொஞ்ச நேரத்தில் எட்டும் மிதித்தன.

இன்றோடு எனக்குப் பயிற்சி முடிந்தது. நான் எழுந்தேன்.

“அண்ணாச்சி, இருங்க. மக கல்யாண ஜாக்கெட்டப் பாதியில விட்டுட்டுப் போனாவ. இன்னும் ஒரு கைதான் பாக்கி.”

“துணி எங்கம்மா இருக்கு?”

“அது அவுகளுக்குத் தெரியும்.”

“இது வெறும் நரம்புத் துடிப்பு, தாயி,” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பின்னால் ஏழு கால்களின் சத்தமும் நின்றுபோனது.

“கோவப்படாதிய,” என்று அவள் தணிந்த குரலில் சொல்வது கேட்டது. “அண்ணாச்சி நாளைக்கு வந்துருவாவ.”

வெறும் துடிப்புதான். நான் திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டினேன்.